குற்றாலம் ரோட்டு வண்டிகள்: கரி, டீசல், காற்று

தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு காற்று உண்டு. உள்ளே போகிறவரை முதலில் எதிர்த்துத் தள்ளும், இன்னும் நாலு எட்டு வைத்தால் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. காற்று அதற்கும் ரொம்ப முந்தியது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் மாதிரி. அந்தச் சுவரில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களில் சந்து இருக்கிறது. செங்கோட்டைச் சந்து வழியாக வருவதுதான் தென்காசிக் காற்று. குற்றாலத்துச் சாரலைத் தூக்கிக்கொண்டு வருவதும் அதுவேதான்.

வண்டிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் காற்றில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக்காக மட்டும் வருவதில்லை, அந்தக் காற்றுக்காகவும் வருகிறார்கள். ஆனால் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து பேரருவி வரைக்கும் உள்ள ஐந்தாறு கிலோமீட்டரில் காரும் வேனும் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டிருக்கும். எஞ்சினை அணைக்க மாட்டார்கள். மலையிலிருந்து இறங்குகிற ஈரக்காற்று சைலன்சர் புகையோடு கலந்துதான் மூக்குக்கு வந்து சேரும்.

"எல்லாரும் எலெக்ட்ரிக் வண்டிக்கு மாறிட்டா சரியாயிரும்" என்று இப்போது அடிக்கடி கேட்கிறோம். சரியாகுமா? இந்த ரோட்டில் இதுவரை என்னென்ன வண்டிகள் வந்தன, எதற்காக வந்தன, எதனால் போயின என்று வரிசையாகப் பார்த்தால் பதில் சொல்வது சுலபம் என்று தோன்றியது. அந்தக் குறிப்புகள்தான் இது.

புகைவண்டி

ரயிலுக்கு நாம் தமிழில் வைத்த பெயரே புகைவண்டி. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை மீட்டர்கேஜ் பாதை 1903-இல் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மலையைக் குடைந்து, பாலங்கள் கட்டி, புனலூர் வரை இணைத்துவிட்டார்கள். கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம் அப்போது கட்டியதுதான். தென்காசியும் குற்றாலமும் அன்று பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் இருந்தன. பக்கத்துச் செங்கோட்டையோ திருவிதாங்கூர் சமஸ்தானம். செங்கோட்டை நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்தான்.

அதுவரை குற்றாலத்துக்கு வருவதென்றால் மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. ரயில் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, மிச்ச தூரத்துக்கு மட்டும் வண்டி பிடித்தார்கள். எஞ்சின் நிலக்கரி தின்றது, கரித்தூள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் விழுந்தது. சுத்தமான வண்டி என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு பழக்கத்தை அது உண்டாக்கியது. குற்றாலத்துக்குப் போகிறவர் நாலு பேரோடு, நாற்பது பேரோடு சேர்ந்துதான் போவார். இந்தப் பழக்கம் பிறகு கணக்கில் முக்கியமாக வரப்போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரி பஸ்

அடுத்து மோட்டார். தென்னாட்டு பஸ் வரலாற்றில் பெரிய பெயர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். திருக்குறுங்குடிக்காரர், அதாவது இதே திருநெல்வேலிச் சீமை. 1912-இல் அவர் ஓட்டத் தொடங்கிய பஸ்தான் டி.வி.எஸ். என்ற பெயருக்கு ஆரம்பம்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் நிற்கும் நிலை. அப்போது வந்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட். பஸ்ஸின் பின்பக்கம் ஓர் உயரமான இரும்பு உருளை. அதில் மரக்கரியைக் கொட்டி, பற்றவைத்து, காற்றை அளவாக உள்ளே விட்டால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதில் அது எரியும். சாதாரண வண்டி மாதிரி சாவியைத் திருப்பியதும் கிளம்பாது. கிளீனர் முதலில் கையால் காற்றாடியைச் சுற்றிக் கரியைக் கனிய வைக்க வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது இருந்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏற்றத்தில் முனகும்.

யோசித்துப் பார்த்தால், கச்சா எண்ணெய் இல்லாமல், நம் ஊர்ச் சரக்கில் ஓடிய மாற்று எரிபொருள் வண்டி இது. ஆனால் இது சுத்தமான வண்டியா? கரி மரத்திலிருந்து வருகிறது, மரம் காட்டிலிருந்து வருகிறது. பஸ் எரிப்பதற்கு முன்பே காட்டோரத்து மூட்டத்தில் ஒரு தடவை புகைந்துவிடும். வண்டியின் வாலில் என்ன வருகிறது என்பதோடு கணக்கு முடியாது, அதன் வாயில் போடுவது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் இது.

போர் முடிந்து பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் கரி பஸ் மறைந்துவிட்டது. பஞ்சத்துக்காக வந்த வண்டி, பஞ்சம் தீர்ந்ததும் போய்விட்டது.

மின்சார வண்டியும் நமக்குப் புதுசில்லை. சென்னையில் மின்சார டிராம் 1895-இலேயே ஓடியது, 1953-இல் நின்றது. அது நின்றபோது புகையையோ காற்றையோ யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். வந்ததும் காசுக்காக, போனதும் காசுக்காக.

டவுன் பஸ்ஸும் சொந்த வண்டியும்

1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1997-இல் பெயர் மாறியது, ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் வெகுகாலம் அது 'கட்டபொம்மன் பஸ்'தான். தென்காசி, குற்றாலம், ஐந்தருவி, பழைய குற்றாலம், செங்கோட்டை எல்லாவற்றையும் டீசல் டவுன் பஸ் இணைத்தது. ரயிலில் வந்து இறங்கி, பஸ் ஏறி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போவது என்பது ஒரு தலைமுறையின் சீசன்.

அந்தச் சங்கிலி பிறகு அறுந்தது. காரணம் பல. கடனில் பைக்கும் காரும் சுலபமாகக் கிடைத்தன. வேன் வாடகைக்குக் கிடைத்தது. அதே சமயம் மீட்டர்கேஜை அகலப்பாதையாக்கும் வேலை. செங்கோட்டை-புனலூர் பாதையை 2010-இல் மூடினார்கள், 2018-இல்தான் திறந்தார்கள். திருநெல்வேலி-தென்காசி அகலப்பாதை 2012-இல் வந்தது. ரயில் ஓடாத வருடங்களில் ரோட்டுக்கு மாறியவர்கள் ரயில் வந்ததும் அப்படியே திரும்பிவிடவில்லை. வாங்கின காரை வீட்டில் நிறுத்திவிட்டு யார் ரயிலுக்குப் போவார்?

இந்தக் காலத்தில் எரிபொருள் மட்டும் சுத்தமாகிக்கொண்டே வந்தது. நாடு முழுக்க 2000-இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள். டெல்லியில் 1998-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால், 2002 முடிவதற்குள் நகர பஸ்கள் எல்லாம் டீசலை விட்டு சி.என்.ஜி.க்கு மாறின. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைந்தது, புதுப் பஸ்களுக்குப் புகைத்தூள் வடிகட்டி வந்தது. ஆனால் டெல்லிக் கதையின் பின்பாதியும் தெரிந்ததுதான். பஸ் சுத்தமானது, சொந்த வண்டி பெருகியது, கிடைத்த லாபம் கரைந்துபோனது. ஒவ்வொரு வண்டியும் விடும் புகையைக் குறைத்துவிட்டு வண்டிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டால் இதுதான் நடக்கும்.

2019-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கை மின்வாகன நகரங்களாகச் சொன்ன ஆறில் திருநெல்வேலி இருக்கிறது. தென்காசி இரண்டு பட்டியலிலும் இல்லை. சாரலுக்குப் பேர்போன ஊரில் காற்று கெடும் என்று யாருக்குத் தோன்றும்?

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. காரணம், நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரி. இவற்றை வைத்து ஒரு கிலோமீட்டருக்கு நான் போட்ட தோராயக் கணக்கு:

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார்: சுமார் 150 கிராம். இரண்டு பேர் போனால் ஆளுக்கு 75, நாலு பேர் போனால் 38.

மின்சார கார், கிலோமீட்டருக்கு 0.15 யூனிட்: சுமார் 108 கிராம். இரண்டு பேருக்கு ஆளுக்கு 54, நாலு பேருக்கு 27.

பெட்ரோல் ஸ்கூட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர்: 51 கிராம். மின்சார ஸ்கூட்டர்: சுமார் 22 கிராம். இரண்டு பேர் போனால் ஆளுக்கு 11.

லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் டீசல் டவுன் பஸ்: 540 கிராம். ஐம்பது பேர் ஏறினால் ஆளுக்கு 11.

கடைசி வரியை இன்னொரு தடவை பாருங்கள். நிறைந்து ஓடும் பழைய டீசல் பஸ், நாலு பேர் போகிற புத்தம்புது மின்சார காரைவிட, ஆள் ஒன்றுக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் விடுகிறது. பூமியின் சூட்டைப் பொறுத்தவரை, குற்றாலம் ரோட்டின் குறைந்த உமிழ்வு வண்டி ஐம்பது வருஷமாக அங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம்தான் அதைவிட்டு இறங்கிவிட்டோம்.

2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டம் காற்றுக்காகக் கொண்டுவந்ததல்ல, பெண்களின் கைக்காசுக்காகக் கொண்டுவந்தது. ஆனால் ஒருவர் பஸ்ஸிலேயே தொடர்ந்து போவதற்கு அது ஒரு காரணம் தருகிறது. இந்த ரோட்டு வரலாற்றில் புகையைக் குறைத்த விஷயங்கள் பலவும் இப்படி வேறு காரணத்துக்காக வந்தவைதான்.

அப்படியானால் டீசல் பஸ் போதுமே, மின்சார பஸ் எதற்கு? இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கார்பன் டை ஆக்சைடு உலகத்துக்கே பொதுவான சிக்கல். டீசல் கரும்புகையும் நைட்ரஜன் ஆக்சைடும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரின் நெஞ்சுக்குள் போகிறவை. அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் குழந்தைக்கு இரண்டாவதுதான் உடனடி ஆபத்து. மின்சார பஸ் அந்தப் புகையை அந்த இடத்திலிருந்து முழுதாக எடுத்துவிடும்.

ஆனால் முதல் கேள்வியில் ஒரு சங்கடம் இருக்கிறது. மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் இழுக்கும் என்று வைத்தால், நிலக்கரி கலந்த சராசரி மின்சாரத்தில் 700 கிராமுக்கு மேல் வருகிறது. டீசல் பஸ்ஸின் 540-ஐவிட அதிகம். கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் புகையையும் டீசல் கணக்கில் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறையப் பக்கத்தில் வரும். கரி பஸ்ஸில் பார்த்த அதே கேள்விதான்: வாயில் போடுவது எங்கிருந்து வருகிறது?

மறுபடியும் காற்று

இந்த இடத்தில்தான் தென்காசிக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. சுரண்டை, சாம்பவர்வடகரை, ஊத்துமலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வயல்களுக்கு மேலே காற்றாலைகள் வரிசையாக நிற்கும். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆரல்வாய்மொழியும் செங்கோட்டைச் சந்தும் அதில் பெரிய வாசல்கள்.

காற்றாலைக்குச் சீசன் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை. குற்றாலத்துக்குச் சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. இரண்டையும் நடத்துவது ஒரே காற்று. ரோட்டில் வண்டி அதிகமாகிற அதே மாதங்களில்தான் பக்கத்து வயலில் மின்சாரமும் அதிகமாகிறது. காற்று மின்சாரத்தை முழுக்க வாங்கிக்கொள்ள முடியாமல், காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொன்ன வருடங்களும் உண்டு. அப்படி வீணாகிற நேரத்தில் பஸ் பேட்டரியில் ஏறுகிற யூனிட்டுக்கு நிலக்கரிக் கணக்கு கிட்டத்தட்ட இல்லை.

எல்லா மாதமும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றாலத்துக்கு இரண்டாவது கூட்டம் கார்த்திகை, மார்கழியில் வரும். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்கள். அப்போது தென்மேற்குக் காற்று இருக்காது. பகலில் சூரிய மின்சாரத்தில் ஏற்றினால்தான் கொஞ்சமாவது ஈடுகட்டலாம்.

வண்டிக்குத் தோதான ரோடுதான் இது. தென்காசியிலிருந்து பேரருவி வழியாக ஐந்தருவி போய்த் திரும்ப இருபது கிலோமீட்டர் சொச்சம். 200 யூனிட் பேட்டரி உள்ள பஸ், மத்தியானம் ஒருதடவை கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் நாள் முழுக்கத் தாங்கும். சென்னையில் 2025 ஜூன் 30-இல் 120 மின்சார பஸ்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓட ஆரம்பித்தன. சென்னை நெரிசலில் ஓடுகிற பஸ் குற்றாலம் ரோட்டில் ஓடாதா?

கட்டுப்பாடு என்றால் கோபம் வருமே

வரும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோதும் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையே வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வருகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மகாராஷ்டிரத்தின் மாத்தேரான் மலையில் அவசர வண்டி தவிர மோட்டாருக்கே இடமில்லை. கையால் இழுக்கிற ரிக்‌ஷாவுக்குப் பதில் மின்சார ரிக்‌ஷாவை அங்கே சோதித்துப் பார்க்க 2022-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

குற்றாலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கென்றே வந்த ஊரில் இது நடக்குமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று எண்ணெய் இல்லாமலும் குளிக்கிறோம், அருவி அதனால் சுகம் குறைந்துவிடவில்லை. தண்ணீருக்குச் செய்ததைக் காற்றுக்கும் செய்யலாம்.

எல்லாப் புகையும் சுற்றுலாக்காரர் தலையில் இல்லை என்பதும் உண்மை. தேசிய நெடுஞ்சாலை 744-இல் காய்கறி, சிமெண்ட், எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு புளியரை எஸ் வளைவில் முதல் கியரில் முக்கி ஏறுகிற லாரிகள் வேறு கதை. அதற்கு மின்சார பஸ் மருந்தில்லை. ஆனால் அருவிக்குப் போகும் ரோடு நம் கையில் இருக்கிறது.

என் வரிசை இதுதான். சீசன் நாட்களில் சொந்த வண்டியைத் தென்காசியிலும் செங்கோட்டையிலும் நிறுத்த இடம் வேண்டும். அங்கிருந்து அருவிகளுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வேண்டும், டீசலானாலும் முதலில் பஸ். அந்த பஸ்களை ஒவ்வொன்றாக மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும். அருவிக்கு அருவி ஓடும் ஆட்டோக்களுக்கு மின்சார ஆட்டோ வாங்க முதல் சலுகை தர வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க ஓடுகிற வண்டி மாறினால்தான் புகை அதிகம் குறையும். வெளியூர்க்காரரின் மின்சார கார் இந்த வரிசையில் கடைசி. அது வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இருநூறு மின்சார கார்கள் வரிசையில் நின்றாலும் அது ஒரு டிராபிக் ஜாம்தான், அதற்குள் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸுக்கு வித்தியாசம் ஒன்றுமில்லை.

பஞ்சத்தில் வந்த கரி பஸ் பஞ்சம் தீர்ந்ததும் போனது. காசுக்காக வந்த டிராம் காசு தீர்ந்ததும் போனது. காற்றுக்காகவே ஒரு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இந்த ரோட்டுக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறது. அந்த வண்டி காராக இருக்க வேண்டுமா, பஸ்ஸாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், என் ஓட்டு பஸ்ஸுக்கு.